யுனைடெட் டிவியில் இருக்கட்டும், சனிக்கிழமைக்கு ஒரு கிளப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கோயம்புத்தூரிலிருந்து வந்து சில மாதம் ஆகிறது. வேலை தென் லண்டனில் கிராய்டனில், குடியிருப்பது பக்கத்திலேயே தார்ன்டன் ஹீத்தில். ஊரில் நண்பர்களோடு மான்செஸ்டர் யுனைடெட் பார்த்துப் பழக்கம். இங்கே திங்கட்கிழமையானால் ஆபீஸே ஃபுட்பால் பேசுகிறது. நீங்கள் யுனைடெட் என்றதும் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மான்செஸ்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். இப்போது பேசாமல் ஒரு லண்டன் கிளப்புக்கு மாறிவிடலாமா, ஆர்சனலா செல்சியா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் வேண்டாம். யுனைடெட்டை விடவும் வேண்டாம்.

இங்கே பலருக்குக் கிளப் என்பது அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்தது. இல்லையென்றால் வளர்ந்த தெரு அதை முடிவு செய்திருக்கும். ஜெயிக்கிற பக்கமாகப் பார்த்து ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு 'க்ளோரி ஹன்டர்' என்று பெயர். லண்டனில் இருந்துகொண்டு யுனைடெட் என்று சொன்னால் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும், சொல்கிறவர் இங்கேயே பிறந்த வெள்ளைக்காரராக இருந்தாலும். கடைசியாக 2013-இல் லீக் ஜெயித்த கிளப்பில் என்ன க்ளோரி என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அவர் கிண்டல் செய்த மறுவாரமே ஆர்சனல் என்று போய் நின்றால் கிண்டல் இரட்டிப்பாகும். "ஊரில் சின்ன வயதிலிருந்து பார்த்தது" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் குடைய மாட்டார்கள்.

உங்களுக்கு இல்லாதது டிவியில் பார்க்க ஒரு கிளப் அல்ல, சனிக்கிழமை மூன்று மணிக்குப் போய் உட்கார ஓர் இடம். இதை ஊரிலிருந்து வருகிறவர்கள் எதிர்பார்ப்பதில்லை. இந்தியாவில் ஏறக்குறைய எல்லா மேட்சையும் டிவியிலோ போனிலோ நேரடியாகப் பார்க்கலாம். இங்கே சனிக்கிழமை மதியம் 2:45 முதல் மாலை 5:15 வரை நேரடி ஒளிபரப்பே கிடையாது. பெரிய கிளப்பை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால் பக்கத்து ஊர்ச் சின்ன கிளப்பின் மைதானத்துக்கு யார் போவார்கள் என்ற கவலையில் பல பத்தாண்டுகளுக்கு முன் கொண்டுவந்த ஏற்பாடு அது, இன்னும் நீடிக்கிறது. ஆக, ஃபுட்பால் பிறந்த நாட்டுக்கு வந்து, சனிக்கிழமை மதியம் ஸ்கோரை மட்டும் போனில் தடவிக்கொண்டு வீட்டில் கிடக்கிற நிலைமை. இதற்கு எளிய வழி, எழுந்து மைதானத்துக்குப் போவது.

பிரீமியர் லீக்கில் இருப்பது 20 கிளப்தான். அதற்குக் கீழே மூன்று டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. அதற்கும் கீழே படிப்படியாகப் போய்க்கொண்டே இருக்கும், தபால்காரரும் பிளம்பரும் ஆடுகிற நிலை வரைக்கும். ஒவ்வொரு மே மாதமும் சிலர் ஏறுவார்கள், சிலர் இறங்குவார்கள். இந்த ஏற்ற இறக்கம்தான் இங்கத்திய ஃபுட்பாலின் உயிர். பதினெட்டாவது இடத்தில், அதாவது கீழே இறங்கும் விளிம்பில், இருக்கிற கிளப்பின் கடைசி மேட்சில் இருக்கிற பதற்றம் சில வருடம் சாம்பியன்களின் மேட்சில்கூட இருக்காது.

தார்ன்டன் ஹீத் என்றதுமே எவரும் சொல்லும் பதில் கிரிஸ்டல் பேலஸ். அவர்கள் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க் உங்களுக்கு நடக்கிற தூரம். ஒரு பக்க ஸ்டாண்டோடு ஒட்டியே செயின்ஸ்பரீஸ் சூப்பர்மார்க்கெட் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை அங்கே போய்ப் பாலும் வெங்காயமும் வாங்கியும் இருப்பீர்கள். நல்ல கிளப். 2010-இல் கடனில் மூழ்கி மூடப்போகிற நிலைக்கு வந்து, ரசிகர்களாகவே இருந்த நான்கு வியாபாரிகள் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள். 2025 மே மாதம் வெம்பிளியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை, அதாவது பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் மோதும் நாக்-அவுட் கோப்பையை, வாங்கினார்கள், அவர்கள் சரித்திரத்தில் முதல் பெரிய கோப்பை. எபரெச்சி எஸே போட்ட கோல். தென் லண்டனில் அதற்காக அழாத பெரியவர்களே இல்லை என்று சொல்லலாம். உங்களுக்குப் பிரீமியர் லீக்தான் வேண்டும் என்றால் அடுத்த தெருவில் பேலஸ் இருக்கும்போது ஆர்சனல், செல்சி என்று அலைவதில் அர்த்தமே இல்லை.

ஒரே சிக்கல் டிக்கெட். மெம்பர்ஷிப்புக்குப் பணம் கட்டினாலும் பெரிய மேட்ச்சுக்கு இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை, கிடைத்தாலும் இப்போதைய உங்கள் வாடகைக்கும் விசா செலவுக்கும் நடுவில் அது கனமான தொகை. வருடத்துக்கு இரண்டு முறை போகலாம். இரண்டு முறை போனால் கிளப் பழகாது.

அதனால் என் கிளப்பைச் சொல்கிறேன், ஏ.எஃப்.சி. விம்பிள்டன். பாரபட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் அதன் பக்கத்துக் காலியர்ஸ் வுட் ஆள். கிராய்டனில் டிராம் ஏறினால் நேரே விம்பிள்டன். அங்கிருந்து ப்ளவ் லேன் மைதானத்துக்கு நடந்தே போகலாம், சோம்பலாக இருந்தால் ரயிலில் ஒரு ஸ்டேஷன், ஹேடன்ஸ் ரோடு. எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு எப்போதாவது வந்திருந்தால், இந்தப் பக்கம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டென்னிஸ் நடப்பது ஊரின் மறு கோடியில், அந்தப் பணக்காரப் பக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் கதை உங்கள் தெருவையும் தொட்டுப் போகிறது. 1988-இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பை வாங்கிய பழைய விம்பிள்டன் கிளப், 1991-இல் சொந்த மைதானத்தை விட்டுக் கிளம்பி, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் பேலஸோடு வாடகைக்குக் குடியிருந்தது. ஒன்றிரண்டு வருடமல்ல, 2003 வரை. இதற்கிடையில் முதலாளிகள் கிளப்பையே தூக்கிக்கொண்டு வடக்கே ஐம்பது மைலுக்கு மேல் தள்ளியிருக்கிற மில்டன் கீன்ஸுக்குப் போக முடிவெடுத்தார்கள். 2002 மே மாதம் ஃபுட்பால் சங்கம் நியமித்த மூவர் குழு அதற்குச் சம்மதமும் கொடுத்துவிட்டது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில வாரங்களிலேயே புதுக் கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். விம்பிள்டன் காமன் என்கிற பொதுப் புல்வெளியில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பதாம் நிலையில் ஆரம்பித்தது 2011-இல் நான்காம் நிலைக்கு, அதாவது அந்த 92-க்குள் வந்து சேர்ந்தது. 2020 நவம்பரில், பழைய மைதானம் இருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தய மைதானம் இருந்த நிலத்தில் சொந்த வீடு. கொரோனா காலம், முதல் மேட்சைப் பார்க்க ஒருவரையும் உள்ளே விடவில்லை. இப்போதும் கட்டுப்பாடு ரசிகர் அறக்கட்டளையின் கையில். ஆளுக்கு ஒரு ஓட்டு. சந்தா கட்டிச் சேர்ந்தால் உங்களுக்கும் ஒன்று, இந்த நாட்டுக் குடியுரிமையெல்லாம் கேட்க மாட்டார்கள்.

மில்டன் கீன்ஸ் கிளப்பின் பெயரை மட்டும் அங்கே வாயெடுத்துச் சொல்லிவிடாதீர்கள். 'ஃப்ரான்சைஸ்' என்பார்கள், ஊர் மாற்றி நடத்தும் வெறும் வியாபாரம் என்ற அர்த்தத்தில், அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

மைதானம் சுமார் 9,000 பேர் கொள்ளும். அதன் அழகே அதுதான். நான் உட்காருவது கோல் கம்பத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில். கார்னர் எடுக்க வருகிற பையன் மூச்சு வாங்குவது கேட்கும், கோல்கீப்பர் தன் டிஃபென்டர்களை என்னென்ன சொல்லித் திட்டுகிறார் என்பதும் கேட்கும். பக்கத்து சீட்டில் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர். முதல் சீசன் முழுக்க "ஆல்ரைட்?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சீசனில் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். இப்போது என் மகளின் பரீட்சைத் தேதிகள் என்னைவிட அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களோடு பேச்சுக் கொடுப்பதே கஷ்டம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, ஆபீஸில் கஷ்டம்தான், பப்பிலும் கஷ்டம்தான். ஆனால் ரெஃப்ரி தப்பாக ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் தானாகவே உங்கள் பக்கம் திரும்பிப் புலம்புவார். நீங்களும் புலம்பினால் போதும்.

ஆட்டம் பிரீமியர் லீக் மாதிரி இருக்காது, சொல்லிவிடுகிறேன். பந்து பாதி நேரம் ஆகாயத்தில் இருக்கும். ஜனவரியில் சில மேட்ச்சுகளில் எதற்கு வந்தோம் என்று தோன்றும். 2024 செப்டம்பரில் பெரிய மழை பெய்து, பக்கத்தில் ஓடுகிற வாண்டில் ஆறு பெருகி மைதானத்திலேயே பள்ளம் விழுந்துவிட்டது. நியூகாசிலோடு அங்கே நடக்க வேண்டிய கோப்பை மேட்சை நியூகாசிலுக்கே மாற்ற வேண்டியதாயிற்று. ரசிகர்கள் பணம் திரட்டினார்கள், மைதானத்தைச் சரி செய்தார்கள். அதே சீசன் முடிவில் வெம்பிளியில், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான ப்ளே-ஆஃப் இறுதியில் வால்சாலை 1-0 என்று வென்று மூன்றாம் நிலைக்கு ஏறினார்கள். யுனைடெட் எத்தனையோ ஜெயித்து டிவியில் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி எனக்குத் தொண்டை கட்டியதில்லை.

நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்று: நம்மை ஏதாவது சொல்வார்களா? எண்பதுகளில் வந்த நம் பெரியவர்கள் மேட்ச் நாளில் மைதானத்துப் பக்கமே போனதில்லை என்பார்கள், அன்றைக்கு அதற்குக் காரணமும் இருந்தது. இன்று நிலைமை வேறு. எதுவுமே காதில் விழாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். விழுந்தால் ஸ்டூவர்டிடம், அதாவது மைதானப் பாதுகாப்பு ஊழியரிடம், சொல்லுங்கள், தயங்காதீர்கள், புகார் அனுப்பப் போன் எண்ணும் கொடுத்திருப்பார்கள். கெட்ட வார்த்தை வேறு விஷயம், அது தாராளமாக இருக்கும். மனைவியும் மகளும் வந்த பிறகு ஃபேமிலி ஸ்டாண்டில் டிக்கெட் எடுங்கள், குழந்தைகளுக்குக் கட்டணமும் குறைவு. அப்புறம், நம் ஆட்கள் இந்த ஆட்டத்தில் இல்லவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். வேல்ஸில் பிறந்த ஈழத்தமிழ்ப் பையன் விமல் யோகநாதன் 2024-இல் பார்ன்ஸ்லி கிளப்பின் முதல் அணிக்கு ஆட ஆரம்பித்தார். அந்தப் பெயரை ஒரு ஜெர்ஸியின் முதுகில் பார்ப்பதற்காகவே ஒரு மேட்ச் போகலாம்.

முதல் முறை போகும்போது சில விஷயங்கள். ஹோம் பக்கத்தில் டிக்கெட் எடுங்கள், எதிரணி நிறத்தில் சட்டை போடாதீர்கள். காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், கான்கிரீட் வழியாகக் குளிர் ஏறும். பியர் குடிப்பதானால் பின்னால் இருக்கிற கூடத்திலேயே முடித்துவிட வேண்டும், மைதானம் கண்ணில் படுகிற இடத்தில் குடிப்பது இங்கே சட்டப்படி தப்பு. இடைவேளையில் போவ்ரில் என்று ஆவி பறக்க ஒன்று விற்பார்கள். சூப் மாதிரி வாசனையாக இருக்கும், ஆனால் அது மாட்டிறைச்சிச் சாறு, நீங்கள் சைவம் என்பதால் சொல்கிறேன். டீ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெர்ஸி இப்போதைக்கு வேண்டாம், விலை அதிகம், அடுத்த வருடம் டிசைனை மாற்றிவிடுவார்கள். மஞ்சளும் நீலமுமாக ஒரு ஸ்கார்ஃப் போதும். அதையும் கிளப் கடையிலேயே வாங்குங்கள். பெரிய மேட்ச் நாளில் வாசலுக்கு வெளியே பாதி ஒரு கிளப் பெயரும் பாதி எதிரணி பெயருமாக விற்பார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் வரிசைக்கு வந்தால் எனக்கு உங்களைத் தெரியாது.