599 வெள்ளி ரௌட்டர் வாங்கினால் கேம் சரியாகிவிடுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில், வரிசை வீட்டில் இருக்கிறோம். ஃபைபர் லைன், 300 எம்பிபிஎஸ். மகன் பின்னறையில் லேப்டாப்பில் வேலரண்ட் விளையாடுகிறான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எல்லாம் உறைந்து நிற்கிறது, சுட்டாலும் குண்டு போகவில்லை என்று கத்துகிறான். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 200க்கு மேல் காட்டுகிறது. கடையில் 599 வெள்ளிக்கு கேமிங் ரௌட்டர் வாங்கச் சொல்கிறார்கள், லைன் கம்பெனி 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறச் சொல்கிறது. எதற்குப் பணம் போடுவது?

பதில்: இப்போதைக்கு ரெண்டுக்கும் போடாதீர்கள் அக்கா. இந்த மாதிரி கேமுக்கு விளையாடும் நேரத்தில் ஒரு எம்பிபிஎஸ் கூடத் தேவைப்படாது, உங்களிடம் இருப்பதே ஏராளம். மகனைப் படுத்துவது வேகம் இல்லை, பிங். அதாவது அவன் பட்டனை அழுத்தியது சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். வேலரண்டுக்குச் சிங்கப்பூரில் சர்வர் இருக்கிறது, நம் ஊர் ஃபைபரில் 20, 30 மில்லிசெகண்டுக்குள் போய் வந்துவிட வேண்டும். எங்கே தடுக்கிறது என்று பார்க்காமல் எந்தப் பெட்டியை வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான்.

பிரச்சினை வரும் அதே ராத்திரி நேரத்தில் இதைச் செய்யச் சொல்லுங்கள். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168 என்று தொடங்கும் முகவரி இருக்கும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஆங்கிலத்தில் ping என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த முகவரியைப் போட வேண்டும். நாலு வரி வந்து நின்றுவிடும், அதனால் திரும்பத் திரும்ப அடிக்கணும். ஒவ்வொரு வரியிலும் time என்ற இடத்தில் வரும் எண் 2, 3, 5 என்று இருந்தால் வீட்டுக்குள் வைஃபை நன்றாக இருக்கிறது. 4, 90, 6, 210 என்று குதித்தால், அல்லது நடுவில் பதிலே வராமல் போனால், கோளாறு பின்னறைக்கும் ஹாலுக்கும் நடுவில்தான். அப்புறம் அதே மாதிரி, வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8 போட்டுப் பாருங்கள். ரௌட்டர் வரைக்கும் நன்றாக இருந்து இது மட்டும் குதித்தால் ரௌட்டரைத் தாண்டி லைனில் கோளாறு, அல்லது வீட்டில் வேறு யாரோ லைனை நிரப்புகிறார்கள்.

உங்கள் வீட்டில் வைஃபையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வரிசை வீட்டில் முன் ஹாலில் ரௌட்டர், நடுவில் ரெண்டு செங்கல் சுவர், பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல், அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் அதே அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், ஆனால் அது சுவரைத் தாண்டினால் சீக்கிரம் பலவீனமாகிவிடும். நல்ல வழி வயர்தான். கேட் 5இ வயர் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும், உங்களுக்கு 20 மீட்டர் போதும், கடைக்காரர் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. வீட்டுக்குள்ளேயே சுவர் ஓரமாக இழுங்கள். வெளியே கூரை ஓரமாக வேண்டாம், நம் ஊர் இடிக்கு அது ஆபத்து.

வயர் போட்டும் எட்டு மணிக்கு 8.8.8.8 குதித்தால், எல்லார் கைப்பேசியிலும் படம், வீடியோ தானாக மேலே ஏறும் பேக்கப்பை நிறுத்திப் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிள் மாதிரி, கேமின் சின்னத் தகவல் அந்தப் பெரிய ஃபைலுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ரௌட்டரில் கியூஓஎஸ் (எந்தக் கருவிக்கு முதலிடம் என்று சொல்லும் வசதி) இருந்தால் மகனின் லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுங்கள்.

அதுவும் உதவவில்லை என்றால் லைன் கம்பெனியின் பொறுப்பு. நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் அவர்களிடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். சரிசெய்யாவிட்டால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தில் (எம்சிஎம்சி) புகார் செய்யலாம். வெறும் "ஸ்லோவாக இருக்கிறது" என்று சொன்னால் திரும்பவும் பெரிய பிளானைத்தான் விற்கப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாக ஒரு ரிப்பீட்டர் பார்த்தேன். கேமுக்கு வாங்கலாமா?

பதில்: கேமுக்கு வேண்டாம். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்பும், தாமதம் கூடும். படம் பார்க்கத்தான் என்றால் சரி, ஆனால் சிரிம் சான்றிதழோடு எம்சிஎம்சி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.