கோப்பு கண்முன் இருக்க, நிரல் ஏன் இல்லை என்கிறது?

கேள்வி: கொட்டகலைக்கு அருகே ஒரு தோட்ட அலுவலகத்தில், மடுவம் என்னும் கொட்டகையில் நிறுக்கும் தேயிலைக் கொழுந்தின் கணக்கை நாளுக்கொரு கோப்பாக எழுதப் பைத்தன் நிரல் வைத்திருக்கிறேன். பொதுக் கோப்புறை ஒன்றில் இரு கணினிகளிலிருந்து பதிகிறோம். கோப்பு இல்லையென்றால் நிரல் புதிதாக உருவாக்கும். ஒருநாள் காலைக் கணக்கு அழிந்துவிட்டது. சில நாட்களில், இருக்கும் கோப்பையே இல்லை என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உழைத்தவர்களின் நாட்கூலி அந்தக் கணக்கைச் சார்ந்திருப்பதால் அழிவை முதலில் தடுப்போம். இரு கணினிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், கோப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் 'எக்ஸிஸ்ட்ஸ்' கட்டளை வழியே கேட்டு, இரண்டுமே 'இல்லை' என்ற விடையைப் பெற்றிருந்தால், பிந்தியது, இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும் 'டபிள்யூ' முறையில் திறந்தபோது முந்தியது எழுதியதெல்லாம் வெறுமையாகியிருக்கும். கேட்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை எந்தச் சோதனையாலும் மூட முடியாது. ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, பைத்தன் 3.3 முதல் உள்ள 'எக்ஸ்' முறையில் திறவுங்கள். சோதிப்பதையும் உருவாக்குவதையும் இயங்குதளம் ஒரே செயலாகச் செய்து, கோப்பு ஏற்கெனவே இருந்தால் 'ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர்' என்ற பிழையை எழுப்பும். அதைப் பிடித்து, 'ஏ' முறையில் கடைசியில் சேர்த்து எழுதலாம்.

'இல்லை' என்ற விடைக்கும் பல பொருள் உண்டு. கோப்புறைக்குள் நுழைய அனுமதி இல்லாவிட்டாலும், வேறோர் இடத்திலுள்ள கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்பின் இலக்கு அழிந்திருந்தாலும் அதே விடைதான் வரும். நிரல் வேறு கோப்புறையிலிருந்து தொடங்கப்பட்டால் தொடங்கிய கோப்புறையை வைத்துக் கணிக்கப்படும் சார்புப் பாதையும் தவறிவிடும் என்பதால் முழுப் பாதையைக் கொடுங்கள்.

ஆனால் உங்கள் கோப்புப் பெயர் 'கொழுந்து' என்றோ 'கொட்டகலை' என்றோ தொடங்குமானால், நான் முதலில் ஐயுறுவது எழுத்தைத்தான். 'கொ' என்பதை யுனிகோடில் ககரத்தின் பின் ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம்; எகரக் குறி, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அவை வெவ்வேறு பெயர்கள். தேடும் பெயரை மட்டும் சீராக்கினால் போதாது. கோப்புறையிலுள்ள பெயர்களைப் பட்டியலாகப் பெற்று, பைத்தனின் 'யுனிகோட்டேட்டா' தொகுதியிலுள்ள 'நார்மலைஸ்' கொண்டு இருபுறத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். இனி உருவாக்கும் கோப்புகளுக்குத் திகதியை மட்டும் இலக்கத்தில் பெயராக வைத்து, தோட்டப் பெயரைக் கோப்பின் உள்ளே எழுதுவது இன்னும் எளிது.