கோடையில் இஞ்சி, குளிரில் முள்ளங்கி

கேள்வி: கணவர் வேலைக்காகத் தென் சீனாவிலுள்ள குவாங்சோவுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. "குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி சாப்பிட்டால் வைத்தியர் சீட்டே வேண்டாம்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. இஞ்சி சூடு, முள்ளங்கி குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. இந்த அக்டோபரில் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு உதடு வெடிப்பு, வறட்டு இருமல். சர்க்கரையும் உண்டு. என்ன சமைத்துத் தரலாம்?

— வாசகி, குவாங்சோ

பதில்: அதே ஊரில் ஆறு வருடம் குடியிருந்தவள் நான். எனக்கும் முதலில் இதே குழப்பம்தான். வீட்டுக்கார அம்மாள் சந்தைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

இஞ்சி சூடு என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் சீன வைத்தியத்தின் கணக்குப்படி, கோடையில் உடம்பின் சூடு தோலுக்கு ஏறிவிடும்; வயிறு குளிர்ந்து கிடக்கும். அந்த வயிற்றில்தான் தர்பூசணியையும் ஐஸ் தண்ணீரையும் கொட்டுகிறோம். அதனால் காலையில் இரண்டு வில்லை இஞ்சி. ராத்திரியில் தொடமாட்டார்கள். குளிர்காலத்தில் சூடு உள்ளே அடங்கும். ஆட்டுக்கறி, கொழுப்பு என்று கனமாகவும் சாப்பிடுவோம். அதைச் செரிக்கவும் சளியை இறக்கவும் முள்ளங்கி.

வசந்தத்தில் வேறு கதை. தெற்குக் காற்று ஈரத்தை அள்ளிவந்து சுவரும் தரையும் வியர்த்ததை, துணி காயாமல் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஈரம் உடம்பிலும் தங்கும் என்று, பார்லி போலிருக்கும் யீ மியையும் சின்னச் சிவப்புப் பயறையும் வேகவைத்துக் குடிப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் யீ மி தரமாட்டார்கள்.

இப்போது உங்கள் மாமியார். இலையுதிர் காலம் நுரையீரலுக்கு உரியது, அதன் தொல்லை வறட்சி என்பார்கள். சீன நாட்காட்டியில் அந்தக் காலம் ஆகஸ்ட் 7 அல்லது 8-லேயே பிறந்துவிடும். ஆனால் குவாங்சோ வெயில் அதற்குப் பிறகும் வாட்டி எடுக்கும். என்னைக் கேட்டால் தேதியைவிட உதட்டைப் பாருங்கள். அது காய ஆரம்பித்தால் பேரிக்காய் வாங்க வேண்டிய நேரம்.

கடையில் 'யின் அர்' என்று கேட்டால் பஞ்சுபோல் சுருண்ட வெள்ளைக் காளான் தருவார்கள். ஒன்றை ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். அடியிலுள்ள மஞ்சள் கட்டையை வெட்டி எறிந்துவிட்டு, கையால் சின்னதாகப் பிய்த்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் வையுங்கள். அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரமாவது கொதித்தால்தான் தண்ணீர் கஞ்சிபோல் வழவழக்கும். அந்த வழவழப்புக்காகத்தான் இவ்வளவு பாடும். அப்புறம் ஒரு பேரிக்காயை நறுக்கிப் போட்டு இருபது நிமிடம், கடைசியில் கோஜி என்ற சின்னச் சிவப்பு உலர்பழம் ஒரு பிடி, ஐந்து நிமிடம். வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும்.

கற்கண்டு சேர்ப்பதற்கு முன்பே மாமியாரின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். பேரிக்காயின் இனிப்பே போதும். அவருக்குச் சின்னக் கிண்ணம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சூப்பை நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.