மளிகை பில்லும் மெக்கானிக் பில்லும்: கேள்வி பதில்

தாம்பரம்: 20,000 கி.மீ. சர்வீஸுக்கு வண்டியை விட்டேன் சார். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், வீல் பாலன்ஸ், அலைன்மென்ட் என்று எஸ்டிமேட் ஏறிக்கொண்டே போகிறது. எதை வேண்டாம் என்று சொல்லலாம்?

பதில்: காரோடு வந்த கையேட்டில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். 20,000-க்கு நேரே அதில் உள்ளதைச் செய்தால் போதும். ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர் மாற்றுவது, ஏர் ஃபில்டரையும் பிரேக்கையும் பார்ப்பது, பெரும்பாலும் அவ்வளவுதான். நேரத்துக்கு ஆயில் மாற்றி வந்த இன்ஜினுக்கு ஃப்ளஷ் (உள்ளே கழுவுவது) வேண்டாம். நின்றபடி ஓடும்போது இன்ஜின் நடுங்கினால்தான் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும், அதுவும் ஸ்பார்க் பிளக்கைப் பார்த்த பிறகு. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் அதிர்கிறதா? அப்போது பாலன்ஸ். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அலைன்மென்ட்.

வேண்டாததை ஜாப் கார்டில் (சர்வீஸில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதும் தாளில்) அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய பழைய சாமானை டிக்கியில் போடச் சொல்லுங்கள். மாற்றாமலே மாற்றியதாக எழுதுவதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

கரூர்: அரிசி மூட்டை ஏன் 26 கிலோ ஆனது?

பதில்: 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25-ஐத் தாண்டிய மூட்டைக்கு அந்த வரி இல்லை. அதனால்தான் 26. விலை கேட்டால் 26-ஆல் வகுத்துப் பாருங்கள். பழக்கத்தில் 25-ஆல் வகுத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. இரண்டு பேர் உள்ள வீட்டில் மூட்டை தீர்வதற்குள் வண்டு விழும். பக்கத்து வீட்டோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள்.

மதுரை: செக்கு நல்லெண்ணெய் ஒரு கடையில் கிலோ 400 ரூபாய், எதிர்க் கடையில் லிட்டர் 380. லிட்டர்தானே மலிவு அண்ணே?

பதில்: இல்லை. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான் இருக்கும். கிலோ 400 என்றால் லிட்டருக்கு 368 ரூபாய் ஆகிறது. கிலோ கடையில்தான் 12 ரூபாய் குறைவு. பாக்கெட் எண்ணெயில் இன்னொன்றைக் கவனியுங்கள்: ஒரு லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், அளவு 850 மி.லி. என்று போட்டிருக்கும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் அலகு விலை அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிலோவுக்கோ லிட்டருக்கோ குறைந்த பொட்டலத்தில் அது கிராம் அல்லது மி.லி. கணக்கில் இருக்கும், பெரிய பொட்டலத்தில் கிலோ அல்லது லிட்டர் கணக்கில் இருக்கும். கிராம், மி.லி. விலையை 1000-ஆல் பெருக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

விருத்தாசலம்: ஷாம்பு பாட்டிலா, சாஷேவா?

பதில்: பல பிராண்டுகளில் மி.லி. கணக்குக்குச் சாஷேதான் மலிவு. விலையை மி.லி. அளவால் வகுத்துப் பாருங்கள்.

வேலூர்: கார் ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறேன். சித்திரை வந்தால் மறுபடியும் கூலிங் இல்லை.

பதில்: இதற்கு விரிவாகவே சொல்கிறேன், காசு வீணாவது இங்கேதான் அதிகம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருஷா வருஷம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது.

முதலில் செலவில்லாத வேலைகள். பெரும்பாலான சிறிய கார்களில் கேபின் ஃபில்டர் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியின் இரு பக்கச் சுவரையும் உள்பக்கம் அழுத்தினால் அது கீழே இறங்கும். ஃபில்டர் கறுத்து அடைத்திருந்தால் புதிதை மாட்டுங்கள். ஓரத்தில் உள்ள அம்புக்குறி பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே இருக்கட்டும். அடுத்து ஏசியைப் போட்டுவிட்டு ரேடியேட்டர் பக்கம் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் படிந்த மண்ணையும் பூச்சியையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷ் அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்று போகாது.

அப்படியும் கூலிங் வராவிட்டால் கசிவைத் தேட வேண்டும். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து வெளியேறுவதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் ஒட்டியிருக்கும். குழாய் இணைப்பு ஓ-ரிங், கேஸ் ஏற்றும் வால்வு, கல் அடித்த கண்டென்சர், உள்ளே கூலிங் காயில் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வேக்குவம் போட வேண்டும், அதாவது குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு பானட் பக்கம் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அத்தனையும் எடை போட்டு ஏற்ற வேண்டும். “பிரஷர் பார்த்து ஏற்றிவிடலாம்” என்கிறவரிடம் விடாதீர்கள். அதிகம் ஏறினாலும் கூலிங் குறையும். கசிவை அப்படியே விட்டு ஏற்றிக்கொண்டே இருந்தால் ஆயில் வற்றிக் கம்ப்ரசர் இறுகும். சின்ன ரப்பர் வளையத்தில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல ஆயிரத்தில் நிற்கும். ஓ-ரிங், கண்டென்சர், எதை மாற்றினாலும் பழையது கைக்கு வர வேண்டும்.

சேலம்: கையேட்டில் இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. மெக்கானிக் 20டபிள்யூ-40 ஊற்றுகிறார், விலையும் குறைவு. ஊற்றலாமா?

பதில்: கூடாது. கையேட்டில் உள்ளதையே ஊற்றச் சொல்லுங்கள்.

நாமக்கல்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். தண்ணி மாதிரி இருக்கிற ஆயில் நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது. கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்குப் பாதுகாப்பு.

பதில்: வெயில் கணக்கு இங்கே பொருந்தாது. ஆயில் பெயரில் கோட்டுக்குப் பின் வரும் இரண்டாவது எண், 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிக்கிறது. இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருப்பதால் ஓடிச் சூடான இன்ஜின் ஊட்டியிலும் வேலூரிலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்கும். புது இன்ஜின்களில் பேரிங் இடைவெளி குறுகல், வால்வு டைமிங்கை மாற்றுவதும் ஆயில் அழுத்தம்தான். கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

நாமக்கல்: பழைய அம்பாசடருக்கு 20டபிள்யூ-40 தானே ஊற்றினோம்?

பதில்: அந்த இன்ஜினுக்கு அது சரி. அதன் இடைவெளி அப்படி. உங்கள் அனுபவம் தவறில்லை, இன்ஜின் வேறு.

திருச்சி: ஆயிலை 10,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்பது சும்மா. 5,000-ல் மாற்றினால்தான் இன்ஜின் நிற்கும்.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். தினமும் மூன்று கி.மீ. ஓட்டி நிறுத்துகிற வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் அணைந்துவிடும். ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே தனியாக எழுதியிருப்பார்கள். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு 10,000 என்று போட்டிருந்தால் 10,000 போதும். 5,000-ல் மாற்றினால் இரண்டு மடங்கு செலவு. கி.மீ. ஆகாவிட்டாலும் ஒரு வருஷம் முடிந்தால் மாற்றுங்கள்.

ஓசூர், திண்டுக்கல், பெருங்களத்தூர்: எந்த பிராண்ட் ஆயில் நல்லது?

பதில்: மூவருக்கும் ஒரே பதில். கையேட்டில் உள்ள கிரேடும் ஏபிஐ என்கிற தரக் குறியீடும் டப்பாவில் இருந்தால் எந்தப் பெயரும் சரி. சீல் உடையாத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பிராண்ட் கேள்வியை இத்தோடு விட்டுவிடுவோம்.

ஆவடி: சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் வாங்கலாமா?

பதில்: கதவு, கண்ணாடி, பம்பர், ஹெட்லைட் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சாமான், சீட் பெல்ட், ஏர்பேக் எதுவும் பழையதில் வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்டது. அவற்றைப் புதிதாக வாங்கும்போது கார் கம்பெனிக்கே சப்ளை செய்கிற பாஷ், ரானே போன்றவர்களின் சொந்தப் பெட்டியில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் விலை குறையும். பழைய பாகத்தைக் கொண்டுபோய் எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

தஞ்சாவூர்: பம்பர் கீறலுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கலாமா?

பதில்: முதலில் நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, கணக்குப் போடுங்கள். முதல் வருஷம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50. சாதாரண பாலிசியில் ஒரு கிளெய்ம் போட்டால் எல்லாம் பூஜ்யமாகும். 1500 சிசி வரை முதல் 1,000 ரூபாய் எப்படியும் உங்கள் கையிலிருந்துதான். ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டிச் சேதத்துக்கானது) 8,000 என்றால் 50 சதவீதத்துக்கு 4,000 போகிறது, அடுத்த வருஷங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கீறலைக் கைக்காசில் சரிசெய்யுங்கள்.

ஈரோடு: கார் லோனை முன்னாலேயே அடைத்துவிடலாமா?

பதில்: அது என் துறை இல்லை. வங்கியில் கேளுங்கள்.

நாகர்கோவில்: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. பேட்டரி போய்விட்டது என்கிறார் கடைக்காரர்.

பதில்: அளந்து காட்டச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் கோளாறு பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம், புதுப் பேட்டரியும் அதே கதி ஆகும். டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் முதலில் நெகட்டிவைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, வாசலின் தடவி மாட்டிப் பாருங்கள். பல வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய பேட்டரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கடையில் கொடுத்து, அதன் விலையைப் பில்லில் கழித்து எழுதச் சொல்லுங்கள்.