ஒரே டொர்னாடோவில், அதாவது மேகத்திலிருந்து தரை தொட்டுச் சுழலும் சூறாவளிக் காற்றில், ஒரு சிற்றூர் முழுவதும் எப்படித் தரைமட்டமாகிறது?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பர்க்கைப் பாருங்கள். 2007 மே 4 இரவு அங்கே புகுந்த டொர்னாடோவின் அகலம் சுமார் 2.7 கி.மீ. ஊரையே மொத்தமாக மூடிவிடும் அகலம் அது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 330 கி.மீ. என்று மதிப்பிட்டு, டொர்னாடோவைச் சேதத்தை வைத்துத் தரம் பிரிக்கும் இஎஃப் அளவுகோலில் உச்சநிலையான இஎஃப்5 தரம் கொடுத்தார்கள். ஊரில் 95 சதவீதம் போய்விட்டது.

வீடுகள் மரச்சட்ட வீடுகள். பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுப்பது கார் நிறுத்தும் அறையின் அகலமான கதவுதான். அது உள்வாங்கியதும் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்றோ அதை இழுக்கும். கூரைச் சட்டம் சுவரோடு வெறும் இரண்டு மூன்று ஆணியில் நின்றால் பிய்ந்துவிடும். கூரை போனால் சுவருக்குப் பிடிமானம் ஏது? சுவரின் அடிச்சட்டத்தை 1.8 மீட்டருக்கு ஒன்றாக அரை அங்குல போல்ட் போட்டு அஸ்திவாரத்தில் இறுக்கியிருக்க வேண்டும். பல பழைய வீடுகளில் ஆணி மட்டுமே இருக்கும். வீடு அப்படியே நகர்ந்துவிடும். கூரைக்கு உலோகப் பட்டை, போல்ட்டுக்கு அகல வாஷர் போட்டால் நடுத்தர டொர்னாடோவைத் தாங்கலாம். இஎஃப்5-க்கு அது போதாது. நிலவறையோ கான்கிரீட் காப்பறையோதான் உயிர் காக்கும்.

கிரீன்ஸ்பர்க்கில் சுமார் 20 நிமிடம் முன்பே சைரன் ஒலித்தது, பலர் நிலவறைக்குள் இறங்கினார்கள். அப்படியும் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு மூன்றும் ஒரே இரவில் இல்லாமல் போனால் குடும்பங்கள் எதை நம்பித் திரும்பும்? 2000-ல் 1,574 ஆக இருந்த மக்கள்தொகை 2010-ல் 777.