டிசம்பர் 15-க்கு முன்னால்: அமெரிக்க எம்.எஸ்., பிஎச்.டி. விண்ணப்பம் பற்றிய கேள்வி பதில்

தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரக் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் பிஎச்.டி. செய்தவள் நான். அங்கே பல துறைகளுக்கு விண்ணப்பக் கடைசித் தேதி டிசம்பர் 15 வாக்கில் வரும், அதனால் ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் பிறந்தால் தம்பி தங்கைகளிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த வருடம் வந்தவற்றுக்கு மொத்தமாக இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் அந்தத் துறையின் பேராசிரியர்கள் சிலர். "இந்தப் பிள்ளை இங்கே வந்தால் வேலை செய்யுமா, தாக்குப்பிடிக்குமா" என்பதுதான் அவர்கள் மனதில் ஓடும் கேள்வி. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு காகிதமும் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

திருநெல்வேலி, பி.இ. இறுதியாண்டு: அக்கா, பி.இ. மட்டும் வைத்துக்கொண்டு நேராக பிஎச்.டி.க்குப் போட முடியுமா? எம்.எஸ். முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார்கள்.

தாராளமாகப் போடலாம். அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம் முடித்தவரை நேராக பிஎச்.டி.யில் எடுப்பது வழக்கமான ஒன்று. ஐந்து ஆறு வருடம் ஆகும். பல இடங்களில் நடுவிலேயே எம்.எஸ். பட்டமும் கிடைத்துவிடும். அதைவிட முக்கியம் பணம். அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது. பேராசிரியருக்கு வகுப்பு எடுக்க உதவி செய்தோ ஆய்வகத்தில் வேலை செய்தோ மாத உதவித்தொகையும் வாங்கலாம். எம்.எஸ்.ஸுக்கு அநேகமாக உங்கள் கைக்காசு அல்லது கடன். ஆனால் பணத்துக்காக மட்டும் பிஎச்.டி. போடாதீர்கள். ஒரே கேள்வியோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்தப் பிடிக்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்தபோது நேரம் போனது தெரியாமல் இருந்ததென்றால் போடுங்கள்.

கோவை, சுற்றுச்சூழல் பொறியியல்: அக்கா, எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறோம் என்று நாமே எழுதும் நோக்கக் கட்டுரை) எழுதி ஒரு கன்சல்டன்சியில் கொடுத்தேன், அவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். இணைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறதா?

நீங்கள் அனுப்பிய இரண்டையும் படித்தேன். உங்களுடையதே நல்லது. அவர்கள் கொடுத்தது, "சிறு வயதிலிருந்தே சுற்றுச்சூழல் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்கிறது. இதே வரியை இதுவரை எத்தனை பேரின் எஸ்ஓபியில் பார்த்தேன் என்று எண்ணி மாளாது. பேர் மட்டும்தான் மாறும்.

உங்கள் முதல் வரைவின் மூன்றாம் பத்தியில் ஒரு விஷயம் கிடக்கிறது. நொய்யலில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்து டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்த்திருக்கிறீர்கள். மழைக்குப் பிறகு உப்பு குறையும் என்று நினைத்தால், முதல் மழைக்கு மறுநாள் ஓரத்துப்பாளையம் பக்கம் எடுத்த மாதிரியில் கூடியிருக்கிறது. மீட்டர்தான் பழுது என்று ஒரு வாரம் அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்திருக்கிறீர்கள். மீட்டரில் கோளாறு இல்லை. காய்ந்த ஆற்றுப்படுகையில் படிந்திருந்த உப்பை முதல் வெள்ளம் கரைத்து இழுத்து வந்திருக்கலாம் என்று அப்புறம்தான் உங்களுக்குப் பட்டிருக்கிறது. அந்த ஒரு வாரத்தை கன்சல்டன்சிக்காரர் வெட்டிவிட்டார்! அதுதானே உங்களிடம் இருக்கும் பொக்கிஷம்.

அங்கிருந்தே ஆரம்பியுங்கள். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, சந்தேகம் வந்து என்ன செய்தீர்கள், எதை இன்னும் நிரூபிக்க முடியவில்லை என்று வரிசையாகச் சொல்லுங்கள். அந்த நிரூபிக்க முடியாத இடத்திலிருந்து, அந்தத் துறையில் யாரிடம் எதைக் கற்க வருகிறீர்கள் என்பதற்குத் தாவிவிடலாம். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் ஒன்றும் ஆகாது, இலக்கணப் பிழையை மட்டும் ஒரு நண்பரை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். கணினியிடம் கொடுத்து எழுதி வாங்குவதும் கன்சல்டன்சி வேலைதான். வழவழவென்று இருக்கும், உங்களை அதில் காணவே முடியாது.

சேலம், பி.டெக்.: அக்கா, ரெகமண்டேஷன் கேட்டால் ஹெச்ஓடி சார் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். மூன்று கடிதத்தையும் நானே எழுதினால் தெரிந்துவிடுமா?

தெரியும் தம்பி. மூன்றும் ஒரே நடையில், ஒரே சொற்களோடு இருக்கும். எஸ்ஓபியும் அதே நடையில் இருக்கும். அதைவிட, பல்கலைக்கழகம் கேட்பது ஆசிரியரின் சொந்த வார்த்தையை. அவர் பெயரில் நீங்கள் எழுதுவது முறையில்லை.

சார் மேலும் தப்பில்லை. அறுபது பேர் கேட்கிறார்கள், அவருக்கு நேரமில்லை. அவர் வேலையைச் சுலபமாக்குங்கள். ஒரே ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், எந்த வருடம், என்ன மதிப்பெண், அவர் கண்முன்னால் என்ன செய்தீர்கள், எங்கே சொதப்பி எப்படிச் சரிசெய்தீர்கள், எந்தத் துறைக்குப் போடுகிறீர்கள், கடைசித் தேதி என்ன என்று எழுதி, "சார், இதைப் பார்த்து உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதினால் போதும்" என்று கேளுங்கள். அக்டோபரிலேயே கேளுங்கள். நவம்பர் கடைசியில் செமஸ்டர் தேர்வு வேலையில் அவர் மூழ்கிவிடுவார்.

என் எம்.எஸ்சி. வழிகாட்டி எழுதிய கடிதத்தை நான் பார்த்ததில்லை. அமெரிக்கா போய் இரண்டு வருடம் கழித்து, என்னைத் தேர்வு செய்த குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் "கெட்டுப்போன ரோட்டரி எவாபரேட்டர் பெண் நீதானே" என்று கேட்டார். கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் கருவி அது, எங்கள் துறைக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். பழுதாகிக் கிடந்த மூன்று வாரமும் சாதாரண வடிகலனை வைத்துக் கரைப்பானை இறக்கினேன், ஒவ்வொரு நாளும் எவ்வளவு மீண்டது என்று நோட்டில் எழுதி வைத்தேன். சார் அதை ஞாபகம் வைத்திருந்து எழுதியிருக்கிறார். நானே எழுதியிருந்தால் "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்றுதான் எழுதியிருப்பேன். அந்த மூன்று வாரக் கதையை எழுத எனக்குத் தோன்றியே இருக்காது.

இன்னும் இரண்டு. கடிதத்தை அவரே இணையத்தில் ஏற்ற வேண்டும், அதனால் கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். ஆம் என்று போடுங்கள், அப்போதுதான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு.

விழுப்புரம், பி.இ.: 7.1 சிஜிபிஏ. இரண்டாம் வருடத்தில் மூன்று அரியர், எல்லாம் கிளியர் செய்துவிட்டேன். அமெரிக்க முறைப்படி 4-க்கு மாற்றினால் 2.8 வருகிறது. போடவே கூடாதா?

நாலால் பெருக்கிப் பத்தால் வகுத்துப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். யாரும் அப்படிப் பார்க்கச் சொல்லவில்லை. படிவம் வேறு மாதிரிக் கேட்காத வரை பத்துக்கு 7.1 என்றே போடுங்கள். நம் ஊர் மதிப்பெண் முறையைப் பார்த்துப் பழகிய துறைகள் நிறைய உண்டு. அரியரை மறைக்கவும் முடியாது, மறைக்கவும் வேண்டாம், டிரான்ஸ்கிரிப்டில் தெரியும். காரணம் இருந்தால் (உங்கள் கடிதத்தில் அப்பாவின் உடல்நிலை பற்றி எழுதியிருந்தீர்கள்) இரண்டே வரியில் சொல்லிவிட்டு, கடைசி மூன்று செமஸ்டரில் என்ன எடுத்தீர்கள் என்பதைக் காட்டுங்கள். ஒரு பாடத்திலாவது ஆழமாக ஏதாவது செய்திருக்க வேண்டும். அது இருந்தால் நடுத்தரப் பல்கலைக்கழகங்களில் தைரியமாகப் போடலாம். நாலுக்கு மூன்று புள்ளி கட்டாயம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் இடத்தில், பணம் கட்டும் முன் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சென்னை: ஆறாயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வாரத்தில் பேப்பர் போட்டுத் தருகிறார்களாம். கல்லூரியில் எல்லோரும் செய்கிறார்கள். செய்யட்டுமா?

வேண்டவே வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் போட்டுத் தருபவர்கள் ஒழுங்காகச் சரிபார்ப்பதில்லை. அந்தத் துறையில் இருப்பவர் பெயரைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார், அதன் பிறகு நீங்கள் எழுதிய மற்ற எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் வரும். பேப்பர் இல்லாமல் அனுமதி வாங்கியவர்கள் நிறைய உண்டு. ப்ராஜெக்ட் அறிக்கையை ஒழுங்காக எழுதி வைத்திருங்கள், கேட்டால் அனுப்பலாம்.

மதுரை, பி.எஸ்சி. இயற்பியல்: மூன்று வருடப் பட்டம் செல்லாது என்கிறார்களே?

செல்லாத இடமும் உண்டு, செல்லும் இடமும் உண்டு. பள்ளியோடு சேர்த்துப் பதினாறு வருடப் படிப்பு கேட்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பக்கத்தில் இந்தியாவுக்கு என்று தனியாக எழுதி வைத்திருக்கும், அதைப் பாருங்கள். என் யோசனை, ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியிலோ, இல்லாவிட்டால் ஒரு நல்ல மாநிலப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. படியுங்கள். நானும் அப்படித்தான் இரண்டு வருடம் கூடப் படித்துவிட்டுப் போனேன். அந்த இரண்டு வருடத்தில்தான் ஆய்வு என்றால் என்ன என்றே தெரிந்தது.

யாழ்ப்பாணம்: அக்கா, நான் இங்கே நாலு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தனான். பெறுபேறு வந்துவிட்டது, ஜிபிஏ 3.4. ஆங்கில மூலம்தான் படித்தேன். ஆங்கிலப் பரீட்சையும், ஜிஆர்இ என்ற பொது நுழைவுப் பரீட்சையும் கட்டாயமா?

நான்கு வருடம் என்பதால் உங்களுக்கு அந்தப் பதினாறு வருடப் பிரச்சினையே இல்லை. ஜிபிஏயும் நாலுக்குத்தான், அப்படியே போடுங்கள். ஆங்கில மூலம் படித்ததற்குப் பதிவாளரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் சில இடங்களில் ஏற்பார்கள், பல இடங்களில் ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் கேட்பார்கள். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். ஜிஆர்இயை 2020-க்குப் பிறகு நிறைய துறைகள் விட்டுவிட்டன. கட்டாயம் என்று எழுதியிருந்தால் மட்டும் எழுதுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற தேர்வு, மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். கொழும்பில் அமெரிக்கப் படிப்புக்கு ஆலோசனை தரும் ஃபுல்பிரைட் ஆணைக்குழு இருக்கிறது, அவர்களிடமும் ஒரு நடை கேட்டுவிடுங்கள்.

திருச்சி: பேராசிரியர்களுக்கு நாற்பது மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

நாற்பதும் ஒரே மின்னஞ்சல்தானே? "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகத்தான ஆய்வு கண்டு வியந்தேன்" என்று ஆரம்பித்தால் அவர் அடுத்த வரிக்கே போகமாட்டார். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றை உட்கார்ந்து படியுங்கள். அதில் புரியாத அல்லது உங்கள் வேலையோடு ஒட்டுகிற ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். அடுத்த வருடம் ஆள் எடுக்கிறீர்களா என்றும் கேளுங்கள். எட்டு வரி போதும். பதில் வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். சில துறைகளில் தனிப் பேராசிரியர் யாரையும் எடுக்க முடியாது, முதல் வருடம் முழுக்க மாணவர்கள் ஆய்வகம் ஆய்வகமாகச் சுற்றிப் பார்த்துத்தான் சேர்வார்கள். அங்கே மின்னஞ்சலால் பெரிய பலன் இல்லை.

ஈரோடு: பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. மார்க் ஷீட்டில் இன்ஷியல்தான். பிரச்சினை வருமா?

நல்ல வேளை இப்போதே கேட்டீர்கள். சர்நேம் காலி என்றால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய்விடும், பெயர் வர வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று விழும், அதாவது முதற்பெயர் தெரியாது என்று. அங்கே போய் வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே உங்கள் பெயராகிவிடும். நேரம் இருக்கும்போதே இன்ஷியலை விரித்து அப்பா அல்லது அம்மா பெயரை சர்நேமாகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிவிடுங்கள். பிறகு ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ, விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். மார்க் ஷீட்டில் இன்ஷியல் இருப்பதால் குடி முழுகிப் போகாது.

தஞ்சாவூர், ஒரு தந்தை: அம்மா, பையனுக்கு எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை இல்லை. நிலத்தை அடகு வைத்து நாற்பது லட்சம் புரட்டலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

ஐயா, நிலத்தில் கை வைக்கும் முன் தம்பியோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். சாப்பாட்டுச் செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. படித்த பின் ஒரு வருடம், அறிவியல் பொறியியல் படிப்பென்றால் இன்னும் இரண்டு வருடம், அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு. அதற்குப் பின் எச்-1பி என்ற வேலை விசாவுக்குக் குலுக்கல். விழாமலும் போகலாம், அதனால் "அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் இந்தத் தவணையை இங்கே வாங்கும் சம்பளத்தில் கட்ட முடியுமா" என்று பாருங்கள். முடியாது என்றால் நான் நிலத்தை வைக்கச் சொல்லமாட்டேன். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். தம்பிக்கு ஆய்வில் விருப்பம் இருந்தால் அந்த இடைவெளியில் உதவித்தொகையோடு வரும் பிஎச்.டி.க்கும் போட்டுப் பார்க்கலாம். விண்ணப்பச் செலவே லேசில்லை என்பதும் தெரியும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய நூறு டாலர், எட்டு இடம் போட்டால் டாலருக்கு 90 ரூபாய் வைத்தாலும் 72,000 ஆகிறது. கட்டண விலக்கு தரும் இடங்களும் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

வேலூர்: போன வருடம் ஓர் இடத்தில் உதவித்தொகையோடு பிஎச்.டி. கொடுத்து, மூன்று நாளில் பதில் சொல் என்றார்கள். பயந்து ஒப்புக்கொண்டேன், பிறகு விசா கிடைக்கவில்லை. இந்த வருடம் மறுபடி போடுகிறேன். அப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

விசா விஷயம் கேட்டு வருத்தமாக இருந்தது. ஏப்ரல் 15 தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பில் உள்ள பல்கலைக்கழகங்கள் பல அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் அது. பட்டியல் அந்த அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது. உங்களைக் கேட்கும் பல்கலைக்கழகம் அதில் இருந்தால், "அழைப்புக்கு மிக்க நன்றி, மற்ற முடிவுகளுக்காகக் காத்திருக்கிறேன், ஏப்ரல் 15-க்குள் சொல்லிவிடுகிறேன்" என்று பணிவாக எழுதுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். உதவித்தொகை இல்லாத எம்.எஸ். சேர்க்கைக்கு இது பொருந்தாது, அங்கே அவர்கள் சொல்லும் தேதிதான். ஒப்புக்கொண்ட கடிதம், அந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருங்கள். மறுபடி விசா நேர்காணலுக்குப் போகும்போது போன முறை என்ன நடந்தது என்று கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.