டவாவோவுக்குப் பணம் கட்டும் முன், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் கணவர் சாரும் உங்கள் அண்ணனும் உங்கள் மகன் தம்பியைக் கூட்டிக்கொண்டு தேனியிலிருந்து வந்திருந்தீர்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது நீங்கள் மட்டும் திரும்பி வந்து, "எப்படியாவது இவனை டாக்டர் படிப்புக்குச் சம்மதிக்க வையுங்க சார்" என்று கண் கலங்கினீர்கள். "கவலைப்படாதீங்கம்மா, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் உறுத்தியது. அதனால் என் மனதில் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

தம்பியைப் பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்க அனுப்ப ஏஜென்சி கேட்கும் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார், மறுக்கவில்லை. அவருடைய நண்பர் மகன் பிலிப்பைன்ஸில் டவாவோ நகரத்தில் படிக்கிறான், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக்கூடக் கஷ்டமில்லை என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் ஏஜென்சி கொடுத்த பளபளப்பான தாளில் இல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. 2021-ல் வந்த விதிகளின்படி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர் குறைந்தது 54 மாதம் படித்து, அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சியும் முடிக்க வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதியும் வேண்டும். முதலில் ஒரு முன்படிப்பு, அப்புறம் நான்கு வருட, அதாவது 48 மாத, எம்.டி. என்ற பழைய பிலிப்பைன்ஸ் வடிவம் இந்த விதியில்தான் இடித்தது. எல்லாம் தாண்டி ஊருக்கு வந்தால் தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அந்தத் தேர்வை எழுதியவர்களில் கால் பங்கினர்கூடத் தேறாத வருடங்கள் பல.

மருத்துவத்தில் தவிப்பும் ஆசையும் உள்ள பிள்ளை இவ்வளவையும் தாண்டிவிடும். தம்பிக்கு அந்த ஆசை இல்லை. இரண்டு முறை நீட் எழுதியதும் உங்களுக்காகத்தான் என்று அவனே சொன்னான். ஆசை இல்லாத படிப்புக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து முப்பது லட்சம் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாருக்குப் பணி ஓய்வுக்கு ஆறு வருடம்தான் பாக்கி. தவணை அதற்குப் பிறகும் ஓடும்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி என்ன செய்தான் என்று கவனித்தீர்களா? ஏஜென்சியின் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஐந்து வட்டம் வரைந்து, அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான். கேட்டேன். பள்ளி மைதானத்தில் மாலையில் அவன் சொல்லிக்கொடுக்கும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்களுக்கான கூடைப்பந்து ஆட்ட உத்தியாம். உயரமான பையன் ஒருவனுக்குக் காலில் சுளுக்கு, அவன் இல்லாமல் எப்படி ஆடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தானாம். பத்தொன்பது வயதில் இப்படி யோசிப்பவனிடம் இருப்பது வெறும் விளையாட்டு மோகம் இல்லையம்மா. நன்றாக ஆடுபவர்கள் எத்தனையோ பேர் பெரியகுளத்துக் கோடைப் போட்டிக்கு வருகிறார்கள். அடுத்தவனை ஆட வைக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் சிலர்தான்.

நீங்கள் பிலிப்பைன்ஸில் மருத்துவக் கல்லூரியைப் பார்த்தீர்கள். தம்பி அதே நாட்டில் கூடைப்பந்தைப் பார்க்கிறான். தெருமுனையில், கோயில் வளாகத்தில், வயல் ஓரத்தில் என்று எங்கே போனாலும் வளையம் மாட்டிய பலகை இருக்கும் நாடு அது. 1975-லேயே ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கைத் தொடங்கினார்கள். பி.பி.ஏ. என்று தம்பி சொன்னது அதைத்தான். அந்த ஊர்க் கதை என்றால் எல்லோரும் ராபர்ட் ஜவோர்ஸ்கியைச் சொல்வார்கள். ஒரே அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, 1998-ல் செனட்டர் ஆகிவிட்டவர். அந்த மாதிரி நட்சத்திரங்களைக் காட்டி உங்களுக்கு ஆசை ஊட்ட மாட்டேன். தம்பியிடம் நான் பேசியது லியோ ஆஸ்ட்ரியா பற்றி.

ஆஸ்ட்ரியா பந்தைக் கொண்டுபோய்ப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கும் கார்டு இடத்தில் ஆடியவர். 1985-ல் ஷெல் அணிக்காக ஆடி, பி.பி.ஏ.வின் அந்த வருடச் சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கினார். அதோடு பெரிய நட்சத்திரமாகிவிட்டாரா என்றால், இல்லை. ஆடுவதை நிறுத்திய பிறகு பயிற்சியாளர் வேலைக்கு வந்தார். அதிலும் நேராக மேலே போகவில்லை. பி.பி.ஏ.வுக்கு அடுத்த நிலையில் இருந்த லீக்கில் வெல்கோட் அணியை வளர்த்தார். 2006-ல் அந்த அணி பி.பி.ஏ.வுக்கு வந்தபோது அவரே அதன் முதல் பயிற்சியாளர். புது அணி, தோல்வியே அதிகம். இரண்டு வருடத்தில் அந்த இடம் போனது. தான் படித்த அடாம்சன் பல்கலைக்கழகத்தின் மாணவர் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். 2013-ல் தென்கிழக்கு ஆசிய லீக்கில் சான் மிகுவல் அணியைச் சாம்பியன் ஆக்கினார். அதன் பிறகுதான் பி.பி.ஏ.வில் சான் மிகுவல் அணி அவர் கைக்கு வந்தது.

முதல் பி.பி.ஏ. கோப்பையை அவர் தூக்கியது 2015 ஜனவரியில். புதுமுக விருது வாங்கி முப்பது வருடம் கழித்து, அம்மா! அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

அடுத்த வருட இறுதிச் சுற்றுதான் தம்பிக்குப் பாடம். ஏழு ஆட்டத் தொடர். அலாஸ்கா அணி முதல் மூன்றையும் வென்றுவிட்டது. சான் மிகுவலின் தூண் ஜூன் மார் ஃபஹார்டோ முழங்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார். நான்காவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அவர் இல்லாமலே வென்றார்கள். ஐந்தாவதில் அவர் திரும்பினார். கடைசியில் 4-3. 0-3 என்று பின்தங்கிய அணி தொடரை வென்றது அந்த லீக்கில் அதுவரை நடக்காதது. சான் மிகுவல் பீர் நிறுவனத்தின் அணி என்பதால், பீரையும் மிரக்கிளையும் (அதிசயம்) சேர்த்து அந்த ஊர்க்காரர்கள் அதற்கு 'பீரக்கிள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெரிய ஆள் இல்லாத அணியை எப்படி ஆட வைப்பது என்பதுதானே தம்பி அந்தத் தாளில் வரைந்துகொண்டிருந்த கேள்வியும்! 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை பி.பி.ஏ.வின் பிலிப்பைன் கோப்பையை ஆஸ்ட்ரியா வென்றார்.

"அது அந்த நாடு, இங்கே அப்படியா?" என்று சார் கேட்டது நியாயம். இங்கே அப்படி லீக் இல்லை, அந்தச் சம்பளமும் இல்லை. ஆனால் அவர் ஏறிய படிகளைப் பாருங்கள். மாணவர் அணி, இரண்டாம் நிலை அணி, பெரிய அணி. கீழ்ப்படிகள் நம்மிடமும் இருக்கின்றன.

தம்பி முதலில் ஒரு பட்டம் வாங்கட்டும். கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், நல்ல கூடைப்பந்து அணி இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆட வேண்டும். பட்டத்துக்குப் பிறகு பாட்டியாலாவில் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஒரு வருட பயிற்சியாளர் டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டத்தோடு, எந்த அளவுக்கு ஆடினான் என்பதையும் அங்கே பார்ப்பார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிச் சான்றிதழ் அப்போது கைகொடுக்கும். பள்ளி ஆசிரியர் வேலையும் திறந்திருக்க வேண்டும் என்றால் பி.பி.எட். என்ற இரண்டு வருட உடற்கல்விப் பட்டம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்து இருக்கிறது. மேலக்கோட்டையூரில் இதற்கென்றே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிக்கும்போதே நடுவர் தேர்வும் எழுதட்டும். விதியை வரிக்கு வரி தெரிந்த பயிற்சியாளரைக் கடைசி நிமிடத்தில் ஏமாற்ற முடியாது. இன்னொன்று, ஆட்டத்தை வீடியோ எடுத்துப் பிரித்துப் பார்க்கவும், புள்ளிவிவரம் எழுதவும் இப்போதே பழகட்டும். அதற்கு ஒரு போனும் ஒரு நோட்டும் போதும்.

முதல் சில வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அரசு வேலைகள் கொஞ்சம்தான், போட்டி அதிகம். காலையில் பள்ளி, மாலையில் அகாடமி, மே மாதத்தில் கோடை முகாம் என்று ஓட வேண்டியிருக்கும். இதைத் தம்பியிடமும் மறைக்கவில்லை. "தெரியும் சார்" என்றான். ஆனால் இந்தப் படிப்பு முழுவதற்கும் ஆகும் செலவு அந்த முப்பது லட்சத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது. நாளைக்கு அவன் மனம் மாறினால்கூடக் கையில் பட்டம் இருக்கும், வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கும்.

உங்கள் அண்ணன் கோபப்படுவார். கோபம் என் மேல் இருக்கட்டும், என் எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்டால் "கோச்சுக்குப் படிக்கிறான்" என்று சொல்லுங்கள். முதல் முறை சொல்லும்போது தொண்டை அடைக்கும், தெரியும்.

ஏஜென்சிக்கு முன்பணம் கட்டும் நாள் வெள்ளிக்கிழமை என்றீர்கள். அன்று மாலை ஐந்தரைக்குச் சாரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளி மைதானத்துக்குப் போங்கள். தம்பிக்குச் சொல்ல வேண்டாம். பந்தைப் பார்க்காதீர்கள், அந்தச் சுளுக்குப் பையன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். தம்பி எத்தனை முறை போய் அவனிடம் பேசுகிறான் என்று மட்டும் பார்த்துவிட்டு, இரவு எனக்கு போன் செய்யுங்கள்.